அடித்த வரிகளிலிருந்து வந்த ஓவியங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 41 வயது. சிறுகதைகள் எழுதுகிறேன், கொஞ்சம் வரையவும் செய்வேன். தாகூர், பிரெஞ்சு எழுத்தாளர் விக்தோர் யூகோ போன்றவர்கள் எழுதிய களைப்பு தீரத்தான் வரைந்தார்களா? தாகூர் வரைந்த பெண் முகமெல்லாம் அவருடைய அண்ணி காதம்பரி தேவிதான் என்கிறார்களே? தாகூருக்கு நிறக்குருடு உண்டா? என் கதைகளுக்கு நானே படம் போடலாமா?

ம.

அன்புள்ள ம.,

தாகூரின் ‘பூரபி’ கவிதைத் தொகுப்பின் கையெழுத்துப் பிரதியில் உள்ள படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நிறக்குருடு விஷயத்தை விடுங்கள். யூகோவும் இருக்கட்டும், ஆயிரக்கணக்கில் வரைந்தவர் அவர், தனியாகத்தான் எழுத வேண்டும். ஆனால் காதம்பரி தேவி பற்றிய கேள்வி எனக்குக் கோபத்தைத் தருகிறது. 1884இல் இறந்துபோன ஒரு பெண்ணை வைத்து இன்னும் எத்தனை காலம் வம்பு பேசுவது? பெரும்பாலான ஓவியங்களுக்குத் தாகூர் தலைப்பே வைக்கவில்லை. அவர் பெயரிடாமல் விட்ட முகத்துக்கு நீங்கள் ஏன் பெயர் ஒட்டுகிறீர்கள்? பெயர் கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

களைப்பு தீரவா வரைந்தார்? 1924இல் பெருவுக்குப் போகும் வழியில் உடம்பு முடியாமல் அர்ஜென்டினாவில் தங்கினார். அந்நாட்டு எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ சான் இசித்ரோ என்ற ஊரில் ஒரு வீடு ஏற்பாடு செய்துகொடுத்தார். கவிதை நோட்டில் அடித்த சொற்களைக் கோடுகளால் இணைத்து, அலகும் நகமும் உள்ள விலங்குகளாகத் தாகூர் மாற்றியிருந்ததைக் கவனித்தவர் அவர்தான். 1930இல் பாரிஸில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடந்ததும் ஒகாம்போவின் முயற்சியால்தான். அடித்தல்கள் பாவிகளைப் போல மீட்சி கேட்டு அலறின என்று தாகூரே எழுதியிருக்கிறார். களைத்துப்போய் ஓய்வெடுக்கிறவர் எழுதும் வாக்கியமா இது?

என் அப்பா பத்திர எழுத்தர். ஒரு சொல்லை அடித்தால், கீழே இருப்பது படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடுதான் போடுவார். எந்த வரியில் எதை அடித்தோம் என்று கடைசியில் எழுதிச் சம்பந்தப்பட்டவர்களிடம் கையெழுத்தும் வாங்குவார். அடித்தல் என்றால் கணக்கு ஒப்புவிக்க வேண்டிய காரியம் என்றே நான் வளர்ந்தேன். தாகூர் நேர் எதிர். சொல்லே தெரியாதபடி மையால் மூடுகிறார். பிறகு நாலு வரி தள்ளி இருக்கும் இன்னொரு அடித்தலோடு அதைச் சேர்க்கிறார். தனித்தனியாகக் கிடந்த தவறுகளுக்கு நடுவே ஒரு தாளம் வந்துவிடுகிறது. கவிதையில் எந்தச் சொல் நிற்கும், எது போகும் என்று பார்க்கிற அதே கண்தான் அங்கேயும் வேலை செய்கிறது. 63 வயதில் அந்தப் பக்கங்களில் இருந்தவர், 1941இல் இறப்பதற்குள் 2000க்கும் மேல் வரைந்துவிட்டார். இதைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தலையாட்டாதீர்கள்.

கணினியில் எழுதுகிற நமக்கு அடித்த சொல் மிஞ்சுவதே இல்லை. அழித்தால் சுத்தமாகப் போய்விடுகிறது. பெரிய இழப்பு இது, யாரும் பேசுவதில்லை.

சரி, உங்கள் கதைகளுக்குப் படம். 1937இல் வந்த ‘காப்சாடா’, ‘சே’ என்ற தன் இரண்டு புத்தகங்களுக்கும் தாகூரே வரைந்தார், நீங்களும் போடலாம். ஆனால் கதையில் எழுதியதையே மறுபடி வரைந்து வைக்காதீர்கள். 41 ஒன்றும் தாமதமில்லை, தம்பி. ஒரு கதையையாவது கையால் எழுதுங்கள். அந்த நோட்டை அடித்தல் திருத்தலோடு அப்படியே எனக்கு அனுப்புங்கள். படங்களை அப்புறம் பார்க்கலாம்.