ரீபூட் ஆனதும் காணாமல்போகும் ரூட்

கேள்வி (கரூரிலிருந்து ஒரு வாசகர்): மேடம், எங்கள் அலுவலகத்தில் ஒரு டெபியன் லினக்ஸ் மெஷின் இருக்கிறது. அதில் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்று பிராட்பேண்ட் ரூட்டருக்கு, இன்னொன்று தறிக்கூடத்துக்குப் போகும் லைனுக்கு. தறிக்கூடத்து நெட்வொர்க் 10.20 என்று ஆரம்பிக்கும். 'ஐபி அட்ரஸ் ஆட்', 'ஐபி ரூட் ஆட்' என்று இரண்டு கட்டளை கொடுத்தால் எல்லாம் ஓடுகிறது. கரண்ட் போய் வந்தால் எதுவும் இல்லை. இரண்டையும் பூட்டின் கடைசியில் ஓடும் ஆர்சி.லோக்கல் ஃபைலில் எழுதிப் பார்த்தேன். சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. நான் கணக்குப் பிரிவு ஆள், தெரிந்தவன் என்பதால் இந்த வேலையும் என் தலையில்.

பதில்: கணக்குப் பிரிவு என்று சொன்னது நல்லதாய்ப் போயிற்று. நீங்கள் டைப் செய்யும் அந்த இரண்டு கட்டளையும் துண்டுச் சீட்டில் குறித்த வரவு மாதிரி. பேரேட்டில் ஏறவில்லை. 'ஐபி' கட்டளை நேராகக் கெர்னலோடு, அதாவது சிஸ்டத்தின் மையப் புரோகிராமோடு, பேசுகிறது. கெர்னல் அட்ரஸையும் ரூட்டையும் (பாக்கெட் போக வேண்டிய வழி) மெமரியில் இருக்கும் ஒரு அட்டவணையில் எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான். மின்சாரம் போனால் மெமரி காலி, அட்டவணையும் காலி. டெபியன் மட்டும் இப்படி இல்லை. 1983-ல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் கார்டுக்கு அட்ரஸ் போடும் 'இஃப்கான்ஃபிக்' கட்டளை வந்த நாளிலிருந்து இதுதான் நடைமுறை. ஒவ்வொரு பூட்டிலும் யாராவது ஒருவர் அந்தக் கட்டளைகளைத் திரும்பக் கெர்னலுக்குச் சொல்லியாக வேண்டும். அந்த 'யாராவது' ஒரு ஸ்கிரிப்ட். அது படிக்கும் ஃபைல்தான் உங்கள் பேரேடு.

டெபியனில் அந்தப் பேரேட்டின் பெயர் '/ஈடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ்'. பூட் ஆகும்போது நெட்வொர்க்கிங் சர்வீஸ் எழுந்து, 'இஃப்அப் -ஏ' என்று ஓட்டி, இந்த ஃபைலை மேலிருந்து படிக்கும். அதில் 'ஆட்டோ' என்று எந்தக் கார்டின் பெயருக்கு முன்னால் எழுதியிருக்கிறதோ அதை மட்டும்தான் எழுப்பும். அட்ரஸ், நெட்மாஸ்க் எல்லாம் அழகாக எழுதிவிட்டு இந்த ஒற்றை வரியை மறந்தால், கையால் 'இஃப்அப்' கொடுக்கும்போது கார்டு வரும், பூட்டில் வராது.

நானும் மறந்திருக்கிறேன். கல்லூரி லேபில் சிஸ்டம் அட்மினாக இருந்தபோது மதிப்பெண் பதியும் சர்வருக்கு அட்ரஸ் மாற்றினேன். 'இஃப்அப்' கொடுத்தேன், வந்தது, வீட்டுக்குப் போய்விட்டேன். அந்த மெஷின் அப்புறம் 411 நாள் ரீபூட் ஆகவேயில்லை. யுபிஎஸ் பேட்டரி மாற்ற வந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அணைத்துப் போட்டார். திங்கட்கிழமை இன்டர்னல் மார்க் பதியக் கடைசி நாள். ஆட்டோ வரி இல்லாத அந்த ஃபைலை, ஆசிரியர்கள் பத்துப் பேர் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்க, நான் படித்துக்கொண்டிருந்தேன். 411 நாள் முன்னால் செய்த தப்பை அன்றைக்குத் தேடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நேற்று மாற்றியதாக இருந்தால் நினைவிருக்கும்.

சரி, உங்கள் மெஷினுக்கு வருவோம். கார்டுகளின் பெயர் 'ஈஎன்பி3எஸ்0', 'ஈஎன்பி4எஸ்0' என்று வைத்துக்கொள்கிறேன், அட்ரஸ்களும் உதாரணத்துக்குத்தான். முதலாவதற்கு 'ஆட்டோ' வரி, 'ஐஃபேஸ்... இனெட் ஸ்டாடிக்' வரி, அட்ரஸ் 192.168.1.5/24, கேட்வே 192.168.1.1. இரண்டாவதற்கும் அதேபோல் ஆட்டோ, ஐஃபேஸ், அட்ரஸ் 192.168.10.5/24. ஆனால் இங்கே கேட்வே வரி எழுதக் கூடாது. உங்களைப் போன்றவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். கார்டு இரண்டு என்றால் கேட்வேயும் இரண்டு என்று மனம் சொல்லும். ஆனால் 'கேட்வே' என்ற அந்த வரியின் அர்த்தம், 'வேறு எந்த ரூட்டிலும் அடங்காத எல்லாமும் இந்த வழியாகப் போகட்டும்' என்பது. அப்படி ஒரு வழிதான் இருக்க முடியும். இரண்டாவதையும் எழுதினால் 'ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்' என்று ஒரு சம்பந்தமில்லாத பிழை காட்டி அந்தக் கார்டை எழுப்பும் வேலையே தோற்றுவிடும். எந்த ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது என்று தேட வேண்டாம். டீஃபால்ட் ரூட் ஏற்கெனவே இருக்கிறது என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது.

தறிக்கூடத்துக்கு மட்டும் தனி ரூட் வேண்டும். இரண்டாவது கார்டின் பத்தியிலேயே கடைசியாக 'அப் ஐபி ரூட் ஆட் 10.20.0.0/16 வையா 192.168.10.1' என்று ஒரு வரி சேருங்கள். கெர்னல் ஒரு பாக்கெட்டை அனுப்பும்போது, பொருந்துகிற ரூட்டுகளில் மிகக் குறுகலானதைத்தான் எடுக்கும். 10.20.5.7-க்கு டீஃபால்ட்டும் பொருந்தும், 10.20.0.0/16-உம் பொருந்தும். 10.20 என்று ஆரம்பிப்பதை மட்டும் பிடிக்கும் /16 குறுகலானது, அதனால் அது ஜெயிக்கும். இரண்டு ரூட்டுக்கும் சண்டை வராது.

இப்போது ஆர்சி.லோக்கல் ஏன் சில நாள் ஏமாற்றுகிறது என்பது. 192.168.10.1 வழியாகப் போ என்று சொல்ல வேண்டுமானால், முதலில் 192.168.10.1 எந்தப் பக்கம் இருக்கிறது என்று கெர்னலுக்குத் தெரிய வேண்டும். கார்டுக்கு 192.168.10.5/24 அட்ரஸ் ஏறி, கார்டும் எழுந்து நின்ற பிறகுதான் 'இந்த 192.168.10 எல்லாம் இந்தக் கம்பியில்தான்' என்ற ரூட்டைக் கெர்னல் தானாகப் போட்டுக்கொள்ளும். அதற்கு முன்னால் ரூட்டைக் கேட்டால், 'நெக்ஸ்ட்ஹாப் ஹேஸ் இன்வேலிட் கேட்வே' என்று மறுத்துவிடும். பழைய டெபியனில் பூட் ஸ்கிரிப்டுகள் எண் வரிசையில் ஒவ்வொன்றாக ஓடின, அதனால் ஆர்சி.லோக்கல் கடைசி என்பதை நம்பலாம். 2015-ல் டெபியன் 8, பூட்டை நடத்தும் சிஸ்டம்டி என்ற புரோகிராமுக்கு மாறியது. அதில் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். உங்கள் கார்டு எழ அரை விநாடி தாமதமானால் ரூட் முந்திக்கொண்டு வந்து அடி வாங்கும். அது எந்த நாள் என்று சொல்ல முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. கார்டை ஒருமுறை இறக்கி ஏற்றினாலே அதன் வழியாகப் போகும் ரூட்டுகளைக் கெர்னல் அழித்துவிடும். ஆர்சி.லோக்கல் திரும்ப ஓடாது. 'அப்' வரியோ கார்டு எழும் ஒவ்வொரு முறையும் ஓடும். ரூட்டை அது சார்ந்திருக்கும் கார்டோடு சேர்த்தே எழுதுங்கள். ஆர்சி.லோக்கலில் இருக்கும் இரண்டு வரியையும் மறக்காமல் நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து இன்னொரு கேள்வி அனுப்புவீர்கள்.

எழுதி முடித்ததும் மெஷினை ரீபூட் செய்யுங்கள். இன்றைக்கே, அலுவலகம் மூடியதும். வந்ததும் 'ஐபி ரூட் கெட் 10.20.5.7' என்று கேட்டால், எந்தக் கார்டு வழியாக, எந்த கேட்வே வழியாகப் போகும் என்று ஒரே வரியில் சொல்லும். பிங் செய்து பார்ப்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். பிங்குக்கு மறுமுனையும் விழித்திருக்க வேண்டும், இதற்கு வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில், கல்லூரி லேப் உதவியாளர்): எங்களிடம் 40 தின் கிளையண்ட் (சர்வரை நம்பி ஓடும் சிறு கம்ப்யூட்டர்). ஸ்விட்ச் மாற்றிய பிறகு காலையில் ஆன் செய்தால் ஒன்றுக்கும் ஐபி வருவதில்லை. ஒவ்வொன்றிலும் கையால் டிஹெச்சிபி (சர்வரிடம் ஐபி கேட்டு வாங்கும் முறை) ஓட்டினால் உடனே வருகிறது. டிஹெச்சிபி சர்வர் கோளாறா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஸ்விட்ச் மாற்றிய பிறகு என்கிறீர்கள், கையால் ஓட்டினால் வருகிறது என்கிறீர்கள். சர்வரை விட்டுவிடுங்கள். நாங்களும் இதேபோல மூன்று நாள் சர்வரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

மேனேஜ்டு ஸ்விட்சுகளில் ஸ்பானிங் ட்ரீ என்று ஒன்று ஓடும். யாராவது கம்பியை வட்டமாகச் சொருகி நெட்வொர்க்கைச் சுற்றவிட்டுவிடக் கூடாதே என்பதற்கான காவல். ஒரு போர்ட்டில் விளக்கு எரிந்ததும் ஸ்விட்ச் அதை உடனே திறந்துவிடாது. 15 விநாடி லிசனிங், 15 விநாடி லேர்னிங், மொத்தம் 30 விநாடி கழித்துத்தான் பாக்கெட் போகவிடும். தின் கிளையண்டுகளில் பெரும்பாலும் பிஸிபாக்ஸ் என்ற சிறு கருவித் தொகுப்பில் வரும் 'யுடிஹெச்சிபிசி' என்ற டிஹெச்சிபி புரோகிராம் இருக்கும். மாற்றாமல் விட்டால் அது மூன்று தடவை, மூன்று மூன்று விநாடி விட்டுக் கேட்கும். பூட் ஸ்கிரிப்டில் '-என்' போட்டிருந்தால் அதோடு கைவிட்டுவிடும். சுமார் 10 விநாடியில் கதை முடிந்தது. ஸ்விட்ச் கதவைத் திறக்கும்போது அந்தப் பக்கம் கேட்பதற்கு ஆளில்லை. நீங்கள் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையால் ஓட்டும்போது 30 விநாடி எப்போதோ கடந்துவிட்டது, அதனால்தான் உடனே வருகிறது.

சரிசெய்ய வேண்டியது ஸ்விட்சில். கிளையண்ட் சொருகியிருக்கும் போர்ட்டுகளை மட்டும் 'எட்ஜ் போர்ட்' ஆக்குங்கள், அவை காத்திருக்காமல் உடனே திறக்கும். சிஸ்கோ ஸ்விட்ச் என்றால் அதன் பெயர் 'போர்ட்ஃபாஸ்ட்'. இன்னொரு ஸ்விட்சுக்குப் போகும் போர்ட்டில் இதைப் போடாதீர்கள். சலித்துப்போய் ஸ்பானிங் ட்ரீயை முழுக்க அணைக்கவும் வேண்டாம். மாணவர்கள் இருக்கும் லேப், யாராவது சொருகுவார்கள். ஸ்விட்ச் பாஸ்வேர்டு உங்கள் கையில் இல்லையென்றால், கிளையண்ட் இமேஜில் '-என்' என்பதை '-பி' என்று மாற்றுங்கள். அட்ரஸ் கிடைக்காவிட்டாலும் பின்னணியில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கேள்வி (மதுரையிலிருந்து): டெபியன் பிசியில் புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டேன். நெட் போய்விட்டது. கார்டைக் கழற்றினால் வருகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: பெயர்தான் சம்பந்தம். 2013-க்கு முன்னால் எல்லாம் 'எத்0', 'எத்1' தான். எந்தக் கார்டை டிரைவர் முதலில் பார்த்ததோ அது 0. சில பூட்டுகளில் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். இதைத் தீர்க்க, சிஸ்டம்டி 197-லிருந்து கார்டு செருகியிருக்கும் இடத்தை வைத்துப் பெயர் வைக்கிறார்கள். 'ஈஎன்பி3எஸ்0' என்றால் 3-ம் எண் பிசிஐ பஸ் (மதர்போர்டில் கார்டுகளை இணைக்கும் தடம்), ஸ்லாட் 0. பெயர் மாறவே மாறாது என்றார்கள். நீங்கள் கிராஃபிக்ஸ் கார்டு போட்டதும் பஸ் எண்கள் ஒன்று தள்ளிப்போய் அதே நெட்வொர்க் கார்டு 'ஈஎன்பி4எஸ்0' ஆகியிருக்கும். உங்கள் இன்டர்ஃபேசஸ் ஃபைல் இன்னும் மூன்றைத் தேடிக்கொண்டிருக்கிறது. 'ஐபி லிங்க்' கொடுத்துப் பாருங்கள், புதுப் பெயர் தெரியும்.

ஃபைலில் பெயரை மாற்றினால் இப்போதைக்குப் போதும். அடுத்த கார்டுக்கும் தாங்க வேண்டுமென்றால் '/ஈடிசி/சிஸ்டம்டி/நெட்வொர்க்' ஃபோல்டரில் '10-லேன்.லிங்க்' என்று ஒரு ஃபைல் எழுதுங்கள். மேட்ச் பகுதியில் கார்டிலேயே பதிந்திருக்கும் மேக் அட்ரஸ், லிங்க் பகுதியில் 'நேம்' என்று போட்டு 'லேன்0' போல உங்களுக்குப் பிடித்த பெயர். 'எத்0' என்று மட்டும் வைக்காதீர்கள், கெர்னலும் அதே பெயரை வைக்கப் பார்க்கும். முடிந்ததும் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' ஓட்டிவிடுங்கள். பெயர் வைக்கும் வேலை பூட்டின் ஆரம்பத்திலேயே நடந்துவிடும்.

கேள்வி (பெங்களூரிலிருந்து): வெளிநாட்டு டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த ஃப்ரீபிஎஸ்டி சர்வர். எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து நுழையும் வழி) இருந்தபடி 'சர்வீஸ் நெட்இஃப் ரீஸ்டார்ட்' கொடுத்தேன். அவ்வளவுதான், கதவு சாத்திக்கொண்டது.

பதில்: வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்துவிட்டீர்கள். ஃப்ரீபிஎஸ்டியில் கார்டும் ரூட்டும் இரண்டு வெவ்வேறு சர்வீஸ். இரண்டும் படிப்பது ஒரே ஆர்சி.கான்ஃப் ஃபைலைத்தான். 'நெட்இஃப்' கார்டை இறக்கியதும் டீஃபால்ட் ரூட்டும் போய்விட்டது. கார்டு மறுபடி எழுந்தது, ஆனால் 'டீஃபால்ட்ரூட்டர்' வரியைப் படித்து ரூட்டைப் போட வேண்டியது 'ரூட்டிங்' சர்வீஸ், அதை நீங்கள் கூப்பிடவில்லை. சர்வருக்கு அட்ரஸ் இருக்கிறது, உங்களுக்குப் பதில் அனுப்ப வழி இல்லை. டேட்டா சென்டரின் கன்சோல் வழியாகவோ, அங்குள்ள ஆளைக் கேட்டு ரீபூட் செய்தோ உள்ளே போங்கள். அடுத்த முறை, இணைப்பு அறுந்தாலும் கட்டளையை ஓடவிடும் டீமக்ஸுக்குள் நின்றுகொண்டு, 'நெட்இஃப் ரீஸ்டார்ட்', 'ரூட்டிங் ரீஸ்டார்ட்' இரண்டையும் நடுவில் இரண்டு ஆம்பர்சண்ட் போட்டு ஒரே வரியில் கொடுங்கள்.

ரீபூட் கேட்பதற்கு முன்னால் ஒன்று: ஆர்சி.கான்ஃப் என்பது ஷெல் ஸ்கிரிப்ட். அதில் ஒரு மேற்கோள் குறி மூடாமல் விட்டிருந்தால் பூட் பாதியில் நின்று சிங்கிள் யூசர் என்ற பழுதுபார்ப்பு நிலையில் போய் உட்கார்ந்துவிடும், எஸ்எஸ்ஹெச் வரவே வராது. கையால் திருத்தாமல் 'சிஸ்ஆர்சி' கட்டளை மூலம் மாற்றிப் பழகுங்கள்.

கேள்வி (சேலத்திலிருந்து): உபுண்டு சர்வர் பூட் ஆக ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்கிறது. 'வெயிட் ஃபார் நெட்வொர்க்' என்று ஏதோ வரி.

பதில்: கம்பி சொருகாத இன்னொரு போர்ட் அந்த மெஷினில் இருக்கும். உபுண்டுவின் நெட்வொர்க் செட்டிங்கான நெட்பிளானில் அதற்கும் டிஹெச்சிபி எழுதியிருக்கும். எல்லாப் போர்ட்டும் தயாராகட்டும் என்று பூட் 120 விநாடி காத்துவிட்டுப் பிறகு கைவிடுகிறது. அந்தப் போர்ட்டின் கீழ் 'ஆப்ஷனல்: ட்ரூ' என்று ஒரு வரி. யாமல் ஃபைல் என்பதால் டேப் அடிக்காமல் ஸ்பேஸ் மட்டும் விடுங்கள். சேமித்ததும் 'நெட்பிளான் அப்ளை'க்குப் பதிலாக 'நெட்பிளான் ட்ரை' கொடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் என்டர் தட்டவில்லை என்றால் பழைய செட்டிங்குக்கே திரும்பிவிடும். பெங்களூர்க்காரர் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்.

கேள்வி (திண்டுக்கல்லிலிருந்து): புது டெபியனில் 'இஃப்கான்ஃபிக்' இல்லை. எப்படி வாழ்வது?

பதில்: 'நெட்-டூல்ஸ்' பேக்கேஜைப் போட்டால் வந்துவிடும். எனக்கும் கை இன்னும் அதைத்தான் டைப் செய்கிறது. ஆனால் ஒரு கார்டில் 'ஐபி' கட்டளை மூலம் இரண்டாவது அட்ரஸ் ஏற்றியிருந்தால் 'இஃப்கான்ஃபிக்' அதைக் காட்டாமல் விட்டுவிடும். கோளாறு தேடும்போது மட்டும் 'ஐபி அட்ரஸ்' பாருங்கள்.