குடும்பத்தை மறந்து உழைத்தவரா?

அன்புள்ள ஐயா,

அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய கண் மருத்துவர் ஜி. வெங்கடசாமி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அதையொட்டி ஒன்று கேட்க வேண்டும்.

என் அப்பா போன மாதம் காலமானார். எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையில் கணக்கராகச் சேர்ந்து, நிர்வாக அலுவலராக ஓய்வு பெற்றவர். இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லோருமே, 'தன் குடும்பத்தையே மறந்து உழைத்தவர்' என்றார்கள். அம்மா முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது. அப்பா எங்களை மறந்தவர் இல்லை. வீட்டுக்கு வர நேரமாகும், அவ்வளவுதான்.

இப்போது மருத்துவமனையில் நினைவு மலர் கொண்டுவரப் போகிறார்கள். என்னையும் எழுதச் சொல்கிறார்கள். அப்பா யாருக்கும் வைத்தியம் பார்த்ததில்லை. கோப்பும் கையெழுத்துமாக இருந்த ஒருவரைப் பற்றி என்ன எழுதுவது? வெங்கடசாமி மணமாகாதவர், மருத்துவர். வேலையே வாழ்க்கை என்று இருக்க அவருக்கு முடிந்தது. பிள்ளைகுட்டியோடு வாழ்ந்த ஒரு நிர்வாகியை எப்படி நினைவுகூர்வது?

எஸ்., விருதுநகர்

அன்புள்ள எஸ்,

உங்கள் அப்பாவின் மறைவுக்கு என் அஞ்சலி. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அந்தக் கூட்டத்தில் பேசியவர்கள் மனதாரத்தான் பேசியிருப்பார்கள். ஆனாலும் அது தவறான பாராட்டு. ராத்திரி பத்து மணிக்கு வந்தவருக்குச் சோற்றைச் சூடுபண்ணிப் போட்டவரை எதிரில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லக்கூடாது. பள்ளிக்கூடக் கட்டணம், மாமனாரின் மருந்து, விருந்துக்கு வந்த சொந்தம் எல்லாவற்றையும் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டதால்தான் அவரால் அலுவலகத்தில் நிம்மதியாக உட்கார முடிந்தது. பொதுக்காரியத்தில் பாதி வீட்டில் நடக்கிறது. அந்தப் பாதிக்கு நன்றி சொல்லாத இரங்கலுரை அரைகுறையானது.

வெங்கடசாமியிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் மணம் செய்துகொள்ளவில்லை என்பது உண்மை. குடும்பம் இல்லாதவர் என்பது உண்மையில்லை. எட்டயபுரம் பக்கத்தில் அயன் வடமலாபுரத்தில், 1918இல் ஒரு விவசாய வீட்டில் பிறந்த மூத்த பிள்ளை. உறவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைச் சிறு வயதிலேயே பார்த்து, பிரசவ மருத்துவராக வேண்டும் என்று நினைத்தவர். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அதனால் ராணுவ மருத்துவப் பணி 1948இல் முடிந்தது. அதன்பிறகுதான் கண் மருத்துவம் படித்தார். அந்த விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைச் செய்தார். அப்பா போன பிறகு தம்பி தங்கைகளைப் படிக்கவைத்து, கல்யாணம் செய்துவைத்தது இவர்தான். குடும்பஸ்தன் என்று நம் ஊரில் யாரைச் சொல்கிறோமோ, அந்தப் பாரம் முழுவதையும் தலைமகனாகச் சுமந்தவர்.

1976இல், 58 வயதில், அரசுப் பணி முடிந்து வெளியே வந்து மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது அந்தக் குடும்பம்தான் கூட நின்றது. வீடு அடமானத்துக்குப் போனது, பெண்களின் நகைகள் அடகுக்குப் போயின. தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்களாக வந்து சேர்ந்தார்கள். தம்பி சீனிவாசன் கட்டடங்களை எழுப்பினார், வரவு செலவைப் பார்த்துக்கொண்டார். ஒரு பொது நிறுவனத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்தால் நமக்குச் சந்தேகம் வருகிறது. வரத்தான் வேண்டும், அதற்கான காரணங்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். ஆனால் அங்கே சொந்தக்காரர்களுக்கு முதலில் கிடைத்தவை குறைந்த சம்பளமும் நீண்ட வேலை நேரமும். பிறரிடம் கேட்கப்போவதை வீட்டாரிடம் முதலில் கேட்டார். அவர்களும் கொடுத்தார்கள். வெங்கடசாமியை நினைக்கும்போது எனக்கு அந்த வீட்டின் எல்லா முகங்களும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

உங்கள் இன்னொரு கேள்வி, கோப்பும் கையெழுத்துமாக இருந்தவரைப் பற்றி என்ன எழுதுவது என்பது. மருத்துவர் வெங்கடசாமி செய்த அறுவை சிகிச்சைகள் அவர் கையோடு முடிந்தன. 2006இல் அவர் இறந்த மறுநாளும் வெளிநோயாளிகள் வரிசையில் நிற்க முடிந்ததென்றால், அது நிர்வாகி வெங்கடசாமியின் வேலை.

கண்புரை அறுவை இலவசம் என்று அறிவித்தும் கிராமத்தார் வரவில்லை. ஏன்? மதுரைக்குப் போகப் பஸ் காசு வேண்டும். துணைக்கு ஒரு ஆள் வரவேண்டும். அவருக்குக் கூலி போகும். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பயம் வேறு. நோயாளியின் இடத்தில் நின்று கணக்குப் போட்டால் இலவசம் இலவசமே இல்லை. ஆகவே கிராமங்களில் நடத்திய கண் பரிசோதனை முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்துவந்து, சோறு போட்டு, படுக்கப் பாய் கொடுத்து, கண் தெரிந்த பிறகு ஊரில் கொண்டுபோய் விடுவது என்று ஏற்பாடாயிற்று. எந்தக் கண்ணில் அறுவை என்பது தவறிவிடக்கூடாதே என்று அந்தக் கண்ணுக்கு மேல் நெற்றியில் சிறு பிளாஸ்திரித் துண்டு ஒட்டுவார்கள். அறுவை அரங்கில் மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒருவருக்கு முடிவதற்குள் அடுத்தவர் பக்கத்து மேசையில் தயாராகப் படுத்திருப்பார். அவரைத் தயார்செய்பவர்கள் கிராமத்திலிருந்து தேர்ந்தெடுத்துப் பழக்கப்பட்ட பெண்கள். அவர்களைப் பயிற்றுவித்து ஒரு பெரும்படையாக்கியதில் நாச்சியாரின் பங்கு பெரிது.

லென்ஸ் கதையும் இப்படித்தான். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தவரை ஏழைகளுக்கு எட்டவில்லை. அறுவைக்குப் பின் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. 1992இல் ஆரோலேப் என்று சொந்தமாகவே ஒரு ஆலையைத் தொடங்கினார்கள், விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. காசு கொடுப்பவரும் கொடுக்காதவரும் ஒரே மருத்துவர்களிடம் அறுவை செய்துகொள்ளலாம். கட்டில், அறை போன்ற வசதிகளில்தான் வேறுபாடு. ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1993இல் இதைப் பாடமாகவே எழுதியது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. இத்தனை முகாம்கள் நடத்தியும், கண் நோய் உள்ள கிராமத்தாரில் நூற்றுக்கு 7 பேர்தான் முகாமுக்கே வருகிறார்கள் என்று 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. உலகமே புகழ்ந்துகொண்டிருந்த முகாம்கள் அவை. அந்த எண்ணை மறைத்துவிட்டுப் புகழை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. முகாமுக்கு ஆள் வராவிட்டால் ஊருக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாக ஓர் இடம் வைப்போம் என்று பார்வை மையங்களைத் திறக்க ஆரம்பித்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைச் சோதிப்பார், மருத்துவர் இணையத்தின் வழியே நோயாளியிடம் பேசுவார்.

உங்கள் அப்பாவும் இவ்வளவு பெரிதாகச் செய்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. எங்கே தேடவேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் சொன்னேன். நிர்வாகியின் நற்செயல் ஏற்பாடுகளில் இருக்கிறது. வாயிற்காவலர், மருந்தகத்தில் நிற்பவர், சலவைக்காரர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஆகியோரிடம் போய் உட்காருங்கள். நோயாளியோடு வந்தவர்கள் இரவில் எங்கே படுத்தார்கள், அந்த இடத்துக்கு மின்விசிறி போட்டது யார் என்று கேளுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் இருந்ததா? பில் கட்ட முடியாதவர்கள் யாரிடம் போய் நின்றார்கள்? பாக்கி இருந்தபோது இறந்தவரின் உடலைக் கொடுத்தார்களா, நிறுத்தி வைத்தார்களா?

கடைசிக் கேள்வியைக் காரணத்தோடுதான் கேட்கிறேன். என் பெரியம்மா ஒரு தனியார் மருத்துவமனையில் இறந்தபோது, பணம் புரட்டி வரும்வரை எங்களைப் பிணவறை வாசலில் மாலைவரை நிறுத்திவைத்தார்கள். அங்கிருந்த மருத்துவர்கள் நல்லவர்கள். ஆனால் "கொடுத்துவிடுங்கள், பணம் பிறகு வரும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட ஓர் அலுவலர் இல்லை. உங்கள் அப்பா அப்படி ஒருமுறையாவது கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தக் குடும்பம் அவரை மறந்திருக்காது. அவர்களைத் தேடிப் பாருங்கள். கோப்புகளில் அவர் கைப்பட எழுதிய சலுகைக் குறிப்புகள் கிடைத்தால், பெயர்களை மறைத்துவிட்டு ஒன்றிரண்டை மலரில் அப்படியே அச்சிடுங்கள்.

அம்மாவிடமும் கேளுங்கள். ஆண்கள் வீட்டில் வந்து சொல்வது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. எந்த நாளில் தூங்காமல் புரண்டார், யாருக்காகக் கடன் வாங்கினார், எந்த முடிவை அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுத்தார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் பேசினால் பேச்சுநடையிலேயே போடுங்கள், திருத்தி எழுதாதீர்கள். அவர் கோபமாக ஏதாவது சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். உங்கள் பிறந்தநாளுக்கு அப்பா வராமல்போன கதை இருந்தால் அதையும் எழுதலாம். அன்றைக்கு மருத்துவமனையில் என்ன நடந்தது என்பதை விசாரித்துப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

மலர்க் குழுவினரிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். 'குடும்பத்தையே மறந்து' என்ற அந்த வரி வேண்டாம். அந்த இடத்தில் அம்மாவின் பெயரைப் போடச் சொல்லுங்கள்.

அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.