60 சதவீதமே போதும், புரோக்கரிடம் போகாதீர்கள்

வலங்கைமான் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்கு 9 வயது. டூஷென் தசைச்சிதைவு நோய். மாற்றுத்திறனாளி சான்றிதழில் ஊனம் 60% என்று போட்டிருக்கிறார்கள். 75% இருந்தால்தான் மாதப் பணம் வரும், 12,000 ரூபாய் கொடுத்தால் மாற்றித் தருகிறேன் என்கிறார் ஒருவர். ஸ்டெம் செல் சிகிச்சைக்கும் அவரே கூட்டிப்போவாராம். நம்பலாமா?"

நம்ப வேண்டாம் அம்மா. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். 75% என்பது கை கால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு உள்ள விதி. தசைச்சிதைவு நோய்க்கு 40% போதும். அந்த ஆள் இரண்டையும் குழப்பித்தான் பிழைக்கிறார். பொய்யாகச் சதவீதத்தைக் கூட்டி உதவி வாங்கினால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 2 வருடம் வரை சிறை உண்டு. அவரோடு நீங்களும் மாட்டுவீர்கள்.

ஒன்றை மட்டும் இன்றே பாருங்கள். சான்றிதழில் ஊனத்தின் வகை என்ற இடத்தில் 'தசைச்சிதைவு நோய்' என்று இருக்கிறதா? சில இடங்களில் அவசரத்தில் 'கை கால் இயக்கக் குறைபாடு' என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். அப்படி இருந்தால் 40% விதி உங்களுக்குப் பொருந்தாது, 75% கேட்பார்கள். அந்த ஒரு சொல்லால் அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு சான்றிதழ் தந்த மருத்துவக் குழுவிடம் போய் வகையைத் திருத்தச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

அலைச்சல் இருக்கும், மறைக்கவில்லை. போன மாதம் ஒரு தகப்பனார் 11 வயதுப் பையனை மாடிப்படி ஏறித் தூக்கி வந்தார். டாக்டர் லீவு, அடுத்த வாரம் வா என்று அனுப்பிவிட்டார்கள். நடக்க முடியாத பிள்ளைகளுக்கான முகாமை மாடியில் வைப்பவர்களை என்ன சொல்வது! நீங்கள் தூக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். தோள் தசை பலவீனமாக இருப்பதால் பையன் வழுக்கிக் கீழே இறங்கிவிடுவான். ஒரு கை முதுகுக்கு, ஒரு கை தொடைக்கு அடியில்.

அப்புறம் ஸ்டெம் செல், அதாவது தசை வளரும் என்று சொல்லிச் செல்களை ஊசியில் ஏற்றும் சிகிச்சை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017ல் வெளியிட்ட நெறிமுறைப்படி, இந்த நோய்க்கு அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அதைப் போடவே கூடாது. அம்மாபேட்டைப் பக்கம் ஒரு குடும்பம் மூன்று மா வயலை அடகு வைத்து ஊசி போட்டது. பையன் நடை நின்றது நின்றதுதான், நிலமும் மீளவில்லை. இதைவிட எனக்குப் பயம், இந்த நோய்க்கு டாக்டர் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை இந்த ஏஜெண்டுகள் நிறுத்தச் சொல்வது. பல மாதம் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் மகன் சாப்பிடுகிறான் என்றால் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள்.

சரி, வகை சரியாக இருந்தால் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தக நகல்களோடு திருவாரூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நீங்களே மனு கொடுங்கள். பையனைத் தூக்கிப்போக வேண்டாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். தர மறுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுங்கள்.