டிசம்பரில் அஸர் எத்தனை மணிக்கு?

அஸ்ஸலாமு அலைக்கும் லாத்தா,

நான் காயல்பட்டினம், நர்ஸ். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. இன்னும் சில மாதங்களில் நானும் வீட்டுக்காரரும் எட்டு வயது மகனும் கிளம்புகிறோம். உம்மாவுக்கு மனசே இல்லை. வெள்ளைக்காரன் ஊருக்குப் போனால் ஈமான் போய்விடும், பேரன் கெட்டுப்போவான் என்று தினமும் சொல்கிறார். எனக்கோ வேறு பயம். 2024ல் அங்கே பள்ளிவாசலைக் கல்லால் அடித்த வீடியோக்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. தலையில் துணியோடு ரோட்டில் நடக்கலாமா? டியூட்டியில் தொழ விடுவார்களா? அங்கே முஸ்லிமாக வாழ முடியுமா, உண்மையைச் சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம்.

*

வ அலைக்கும் ஸலாம் தங்கச்சி,

முடியும். அதிலும் நீங்கள் வருவது லெஸ்டருக்கு. 2021 கணக்கெடுப்பின்படி அந்த நகரத்தில் 23.5 சதவீதம் பேர் முஸ்லிம்கள், கிட்டத்தட்ட 18 சதவீதம் இந்துக்கள், கிறிஸ்தவர்களே கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவுதான். ஹலால் கறி கிடைக்குமா என்று கவலைப்படாதீர்கள். மின்சாரத்தால் மயக்கி அறுத்தது கூடுமா கூடாதா என்பதுதான் அங்கே பேச்சே. கடைக் கண்ணாடியில் எச்.எம்.சி. (ஹலால் கண்காணிப்புக் குழு) என்று ஒட்டியிருந்தால் மயக்காமல் அறுத்தது. உங்கள் மனசுக்கு எது சரியோ அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

பயத்தை முதலில் பேசிவிடுவோம். நீங்கள் பார்த்த வீடியோ சவுத்போர்ட் என்ற ஊரில் நடந்தது. 2024 ஜூலை 29 அன்று குழந்தைகளின் நடன வகுப்பில் புகுந்து ஒருவன் மூன்று சிறுமிகளைக் கொன்றான். கொன்றவன் முஸ்லிம், அகதி என்று யாரோ பரப்பிய பொய்யை நம்பி மறுநாள் ஒரு கூட்டம் அந்த ஊர்ப் பள்ளிவாசலைத் தாக்கியது. அப்புறம் ஒரு வாரம் பல ஊர்களில் கலவரம். லண்டனின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நாங்களும் அந்த வாரம் பிள்ளைகளைத் தனியாக வெளியே விடவில்லை. ஆனால் சவுத்போர்ட்டில் அடுத்த நாள் காலையிலேயே அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்து பள்ளிவாசலின் இடிந்த சுவரைக் கட்டிக்கொடுத்த வீடியோவும் இருக்கிறது, அது ஏனோ நம் வாட்ஸ்அப்புக்கு வருவதில்லை. லிவர்பூலில் அப்துல்லா குவில்லியம் பள்ளிவாசலுக்கு எதிரே திரண்டவர்களிடம் இமாம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பேசினார். அந்தப் பள்ளி, இஸ்லாத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்கார வக்கீல் 1889ல் ஆரம்பித்தது என்பதை உம்மாவிடம் சொல்லுங்கள்.

லெஸ்டரிலேயே 2022ல் ஒரு பிரச்சினை நடந்தது. அதை வெள்ளைக்காரன் செய்யவில்லை. ஆசியக் கோப்பையில் இந்தியா பாகிஸ்தான் கிரிக்கெட் முடிந்த கையோடு புகைய ஆரம்பித்து, செப்டம்பரில் இந்து, முஸ்லிம் இளைஞர்கள் தெருவில் மோதிக்கொண்டார்கள். நம்ம பக்கத்துச் சண்டையைப் பெட்டியில் கட்டி இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறோம்.

ஆக, தலைத்துணியோடு நடக்கலாம். பஸ்ஸில் குடித்துவிட்டு யாராவது ஏதாவது உளறலாம், எனக்கு நடந்திருக்கிறது. எப்போதாவது நடப்பது அது. தினமும் உங்களைப் பிடித்து ஆட்டப்போவது கடிகாரம்.

நம் ஊரில் சூரியன் ஒழுங்கான ஆள், வருஷம் முழுக்க அரை மணி முன்னே பின்னே. இங்கே டிசம்பர் கடைசியில் லெஸ்டரில் மதியத் தொழுகை லுஹர் பன்னிரண்டு மணிக்கு வரும், நம் ஷாஃபி மத்ஹபுக் கணக்கில் பிற்பகல் அஸர் ஒன்றே முக்காலுக்குள் வந்துவிடும், நாலு மணிக்கு முன்னாலேயே அந்தி மக்ரிப், ஆறு மணிக்கெல்லாம் இரவு இஷா. வார்டில் நீண்ட ஷிஃப்ட் என்றால் காலை ஏழரையிலிருந்து இரவு எட்டு வரை. விடியற்காலை சுப்ஹு தவிர மற்ற நாலும் டியூட்டிக்குள்ளே விழும், அதிலும் லுஹருக்கும் மக்ரிபுக்கும் நடுவே நாலு மணி நேரம்கூட இல்லை. இதை யாரும் உங்களிடம் முன்கூட்டியே சொல்லமாட்டார்கள். வார்டு பொறுப்பில் இருப்பவருக்கும் தெரியாது, அவர் என்ன இமாமா?

ஊரில் இருக்கும்போது நம் மார்க்கத்தை ஊரே பார்த்துக்கொண்டது. பாங்கு காதில் விழும், உம்மா டிவியை அமத்துவார், நோன்புக் கஞ்சி பள்ளியிலிருந்து தூக்குச்சட்டியில் வரும். நாம் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இங்கே ஒவ்வொன்றையும் வாயைத் திறந்து கேட்கவேண்டும், நமக்கு அது வரவே வராது. 'இங்கே தொழ விடமாட்டார்கள்' என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்பதையே சண்டையாகக் கேட்கிறவர்களும் உண்டு, அவர்கள் கெடுத்து வைத்ததை அடுத்து வருகிறவர்கள்தான் சரிசெய்யவேண்டியிருக்கும்.

முதல் வாரத்திலேயே கேளுங்கள். மதப்பிரசங்கம் வேண்டாம். எனக்கு இந்த இந்த நேரத்தில் ஐந்தாறு நிமிஷம் வேண்டும், என் இடைவேளையிலிருந்து எடுத்துக்கொள்கிறேன், அந்த நேரம் என் நோயாளிகளை இன்னார் பார்த்துக்கொள்வார் என்று வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2010ன் சமத்துவச் சட்டம் மதத்தைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அதற்காகத் தொழத் தனியாகச் சம்பளத்தோடு நேரம் தரவேண்டும் என்று அர்த்தமில்லை, நியாயமில்லாமல் மறுக்கக்கூடாது, அவ்வளவுதான். சட்டத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் வெளியே எடுக்க வேண்டியிருக்காது. பெரிய ஆஸ்பத்திரிகளில் தொழுகை அறை இருக்கும், சம்பளத்துக்கு முஸ்லிம் மதகுருவும் இருப்பார். முதல் நாளே அவரைத் தேடிப் பிடியுங்கள்.

உடுப்பு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வார்டில் முழங்கைக்குக் கீழே கை மூடியிருக்கக்கூடாது, கிருமி பரவாமல் இருக்க. மார்க்கக் காரணத்துக்காக, ஒருமுறை போட்டுக் கழற்றி எறியும், முன்கையை மூடும் தனிச் சட்டைக்கைகளை 2010லிருந்து அனுமதிக்கிறார்கள். ஆபரேஷன் தியேட்டருக்கு அதேபோல எறிந்துவிடக்கூடிய தலைத்துணியை 2019ல் டெர்பியில் ஒரு ஆஸ்பத்திரி கொண்டுவந்தது. அதுவும் அங்கே வேலை பார்த்த ஒரு முஸ்லிம் டாக்டர் பெண் வாயைத் திறந்ததால்தான் வந்தது.

தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒலு எடுக்கும்போது வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைக்காதீர்கள், தயவுசெய்து. தோல் காலுறை ஒன்று வாங்கி, காலையில் ஒலுவோடு போட்டுக்கொண்டால் அதன்மேல் தடவினால் போதும், ஷாஃபி மத்ஹபிலும் கூடும். கழிவறையில் தண்ணீர் இருக்காது, பையில் ஒரு காலி பாட்டில் எப்போதும் இருக்கட்டும். இது இந்த நாட்டு முஸ்லிம்கள் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் எழுதாத விஷயம்.

கோடை இதற்கு நேர் எதிர். ஜூனில் மக்ரிப் இரவு ஒன்பதரைக்கு. மே பிற்பாதியிலிருந்து ஜூலை பிற்பாதிவரை வானம் முழுசாக இருட்டுவதே இல்லை, அதனால் இஷா எப்போது, நோன்புக்கு முந்தின சஹர் சாப்பாட்டு நேரம் எப்போது முடிகிறது என்பதற்கு ஒவ்வொரு பள்ளியும் ஒரு கணக்கு வைத்திருக்கும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியின் அட்டவணையை எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள், வேறு அட்டவணைகளைப் பார்க்காதீர்கள். 2015, 2016 ரமளான் ஜூனில் வந்தது, பதினெட்டு மணி நேரத்துக்குமேல் நோன்பு. நீங்கள் கொடுத்துவைத்தவர், இப்போது ரமளான் குளிர்காலத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த சில வருஷம் உங்கள் நோன்பு காயல்பட்டினத்து நோன்பைவிடச் சின்னதாக இருக்கும். உம்மாவிடம் இதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

மகன் விஷயம். பள்ளிக்கூடம் விட்டதும் சாயங்காலம் மதரஸா, குஜராத்தி, பாகிஸ்தானி, வங்காளிப் பிள்ளைகளோடு ஓதுவான். உஸ்தாத் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபுக்காரராக இருப்பார். சுப்ஹில் நாம் ஓதும் குனூத் துஆ எங்கே என்று வந்து கேட்பான், அஸர் ஏன் இவ்வளவு தாமதம் என்பான். இரண்டும் சரிதான் என்று வீட்டில் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், நம்மில் சிலர் இதை வைத்து மூன்று பள்ளிவாசல் மாறி நாலாவதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பெருநாளுக்கு லீவு கேட்டால் கொடுப்பார்கள். பிறையில் தகராறு வந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நாள், உங்களுக்கு மறுநாள் என்று ஆனால் ஹெட்மிஸ்ட்ரஸுக்கு விளக்குவது உங்கள் பாடு. 2020லிருந்து உறவுக் கல்வி ஆரம்பப் பள்ளியிலேயே கட்டாயம், அதிலிருந்து விலக்க முடியாது. பாலியல் கல்வி தனியாக நடந்தால் அதிலிருந்து விலக்கலாம். வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிக் கொதிப்பதைவிட, என்ன பாடம் என்று டீச்சரிடம் போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு விலக்குவதானால் விலக்குங்கள்.

எனக்கு உங்களைப் பற்றி உண்மையாக இருக்கும் கவலை வேறு. உங்கள் தெருவில் பெண்கள் கூடித் தொழ அவர்களுக்கென்றே தைக்கா இருக்கும். இங்கே பெண்களுக்கு இடமே இல்லாத பள்ளிவாசல்கள் நிறைய. இருக்கிற இடத்திலும் சில நேரம் பின்பக்கக் கதவு, மாடியில் ஒரு அறை, வேலை செய்யாத ஸ்பீக்கர். போகுமுன் ஃபோன் போட்டு இடம் உண்டா என்று கேளுங்கள், இல்லை என்றால் ஏன் இல்லை என்றும் கேளுங்கள். ஆஸ்பத்திரியிடம் கேட்பதைவிட நம் ஆட்களிடம் கேட்பது கஷ்டம் என்று எச்சரிக்கிறேன்.

அதைவிடப் பெரிசு வீடு. நம் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார், நீங்கள் பிறந்ததிலிருந்து உம்மா, லாத்தா, சாச்சி என்று நாலு பெண்கள் இருக்கும் வீட்டிலேயே இருந்திருப்பீர்கள். இங்கே நீங்கள் இரவு ஷிஃப்டில் இருக்கும்போது வீட்டில் உங்கள் வீட்டுக்காரரும் மகனும்தான். மகனை எழுப்பி, பள்ளிக்கூடத்தில் விட்டு, மதரஸாவுக்குக் கூட்டிப்போய், ரமளானில் சஹருக்குச் சோறாக்குவது வரைக்கும் அவர்தான் பார்க்கவேண்டும். சில மாதம் இருக்கிறதே, சோறும் ஒரு பருப்பாணமும் ஆக்க இப்போதே பழக்கிவிடுங்கள். முட்டை பொரிக்கத் தெரியும் என்பார், அது போதாது.