மகள் போதைப்பழக்க ஆய்வுக்குப் போகலாமா?

அம்மையீர், வணக்கம்.

உங்கள் கடிதத்தில் ‘போதைப்பொருள்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ‘அந்தப் பொருள்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். தொடக்கக்கல்லூரி இரண்டாம் ஆண்டில் படிக்கும் மகள் அதைப் பற்றி ஆய்வு செய்யப்போவதாகச் சொன்னதும், உறவினர் என்ன பேசுவார்களோ, பிள்ளைக்கே பழக்கம் வந்துவிடுமோ என்று கலங்கியிருக்கிறீர்கள். இரண்டாவது அச்சம் தேவையில்லை. ஆய்வுக்கூடத்துக்கு இப்பொருள்கள் உரிமத்தின் பேரில்தான் வரும். பூட்டிய பெட்டகத்தில் இருக்கும். எடுத்த அளவு மில்லிகிராம் வரை பதிவேட்டில் ஏறும். பெரும்பாலான ஆய்வாளர்கள் அவற்றைத் தொடுவதுகூட இல்லை; கேள்வித்தாள்களோடும் கணினியோடும்தான் அவர்களுடைய நாள் கழிகிறது.

இத்துறைக்கு ஆய்வு ஏன் வேண்டும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹெராயினிலிருந்து விடுபட உதவும் என்று 2000களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் இங்கே எழுதிக்கொடுத்த புப்ரனார்ஃபின் மாத்திரையைச் சிலர் கரைத்து ஊசி வழியாக ஏற்றிக்கொள்ளத் தொடங்கினர். 2006 ஆகஸ்ட்டில் அது, சட்டம் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் ‘ஏ’ பிரிவுப் போதைப்பொருளானது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான் உலகச் சுகாதார நிறுவனம் அதே மருந்தை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்திருந்தது. பல நாடுகளில் அது இன்றும் உயிர்காக்கும் சிகிச்சை. ஒரே மாத்திரை ஓரிடத்தில் மருந்தாகவும் வேறோரிடத்தில் புதிய தொல்லையாகவும் ஆவது ஏன் என்பதற்கு வேதியியல் மட்டும் விடை சொல்லாது; கொடுக்கும் முறை, கண்காணிப்பு, நோயாளியின் வீட்டுச்சூழல் எல்லாவற்றையும் சேர்த்து ஆராய வேண்டும். ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்ஃபெட்டமின் பழக்கத்துக்கோ, பரவலாக ஏற்கப்பட்ட மருந்தே இதுவரை இல்லை. உங்கள் மகளின் தலைமுறைக்கு வேலை மிச்சமிருக்கிறது.

படிப்புக்கு வருகிறேன். மூளையில் மருந்து எப்படி வேலைசெய்கிறது என்பதில் ஆர்வமென்றால் உயிர் அறிவியல், மருந்தியல். வேதியியலை இப்போது கைவிடக்கூடாது. போதைப்பொருள்களைப் பகுத்தாய்வதில் விருப்பமென்றால் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. கண்டறிய வேண்டிய பொருள்களும் கூடிக்கொண்டே போகின்றன: 2025 செப்டம்பர் முதல் தேதி எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து போதைப்பொருள் பட்டியலின் ‘சி’ பிரிவில் சேர்க்கப்பட்டதை மின்சிகரெட் செய்திகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். மனிதர்களோடு பழக விரும்பினால் உளவியல். ஆனால் மருத்துவ உளவியலாளராக இளநிலைப் பட்டம் போதாது, முதுநிலையும் வேண்டும், அதற்கான இடங்களோ குறைவு. மனநலக் கழகத்தில் 2008 முதல் இயங்கும் தேசிய அடிமைப்பழக்க நிர்வாகச் சேவை போன்ற இடங்களில் மருத்துவர், உளவியலாளர், ஆலோசகர், சமூக ஊழியர் எல்லாரும் சேர்ந்தே பணியாற்றுகிறார்கள். எந்த வழியில் போனாலும் புள்ளியியல் கூடவே வரும். அதை வெறுப்பவர் இத்துறையில் தவித்துப்போவார் என்பது என் அனுபவம்.

உறவினர் பேச்சுக்கு என்னிடம் மருந்தில்லை. மகளிடம் மட்டும் ஒன்று கேளுங்கள்: மீண்டவர் ஒருவர் ஆறு மாதம் கழித்து மறுபடி பழக்கத்துக்குத் திரும்பினால், அவருடைய மூளையைப் பற்றி அறியத் தோன்றுகிறதா, அவரோடு உட்கார்ந்து பேசத் தோன்றுகிறதா? அந்தப் பதிலோடு, விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் முன் இருவரும் என்னைப் பார்க்க வாருங்கள்.