ஹைதராபாத் பல்கலைக்கழகம் எப்படிப்பட்ட இடம்? மகளை எம்.எஸ்சி. படிக்க அனுப்பலாமா?

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். மகளுக்கு ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வேதியியல் இடம் கிடைத்திருக்கிறது. சொந்தக்காரர்கள் யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை, 'உஸ்மானியாவா?' என்று கேட்கிறார்கள். அவ்வளவு தூரம் அனுப்பலாமா?

பதில்:

உஸ்மானியாவா என்று எங்கள் தெருவிலும் கேட்டார்கள், அண்ணாச்சி. 2008-ல் சிவகாசியிலிருந்து நான் கிளம்பியபோது அப்பா எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்: "அது இல்ல, இன்னொண்ணு. சென்ட்ரல் கவர்மெண்ட்டு." அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எம்.எஸ்சி.க்குப் போனவள் அங்கேயே பிஎச்.டி.யும் முடித்து 2016-ல்தான் வெளியே வந்தேன். அந்த எட்டு வருடத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். உஸ்மானியா 1918-ல் நிஜாம் தொடங்கியது, நகரத்துக்குள் இருக்கிறது, அதன் கீழ் ஏராளமான கல்லூரிகள். உங்கள் மகள் போகப்போவது 1974-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்த மத்தியப் பல்கலைக்கழகம். மேற்கே கச்சிபௌலியில் இருக்கிறது. அது பிறந்ததே ஒரு அரசியல் சமரசத்தில். 1969-ல் தனித் தெலங்கானா கேட்டுப் போராட்டம், 1972-ல் ஆந்திரப் பக்கம் தனி ஆந்திரா கேட்டு 'ஜெய் ஆந்திரா' போராட்டம். இரண்டையும் ஆற்ற 1973-ல் 'ஆறு அம்சத் திட்டம்' என்று ஒன்று போட்டார்கள். வேலை, இட ஒதுக்கீடு பற்றிய அம்சங்களோடு, ஹைதராபாதில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் என்பதும் அதில் இருந்தது. அதற்காகவே அரசியலமைப்புச் சட்டத்தில் 371-இ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒரே ஒரு வாக்கியம்தான்: ஆந்திரப் பிரதேசத்தில் ஒரு பல்கலைக்கழகம் நிறுவ நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். தொடக்கத்தில் அபிட்ஸ் பக்கம் சரோஜினி நாயுடுவின் வீடான 'கோல்டன் திரெஷோல்டு'தான் பல்கலைக்கழகம். பிறகுதான் கச்சிபௌலிக் காட்டுக்குப் போனது.

சரி, உள்ளே எப்படி? நம் ஊரில் பல்கலைக்கழகம் என்றாலே அஃபிலியேஷன், ஹால் டிக்கெட், அரியர், ரீவேல்யுவேஷன். பாடம் நடத்துபவர் ஒருவர், கேள்வித்தாள் எடுப்பவர் எங்கோ இருக்கும் இன்னொருவர், பேப்பர் திருத்துபவர் மூன்றாமவர். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால்தான் நாம் 'முக்கியமான அஞ்சு மார்க் கேள்விகள்' மனப்பாடம் செய்து பி.எஸ்சி. தாண்டுகிறோம். நானும் அப்படித் தாண்டியவள்தான், கோல்டு மெடலோடு.

ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கு இணைப்புக் கல்லூரிகள் கிடையாது. மொத்தமே சுமார் 5,000 மாணவர்கள்; சென்னையில் ஒரு பெரிய கலைக் கல்லூரியிலேயே இதைவிட அதிகம் இருப்பார்கள். ஆசிரியர்கள் ஏறக்குறைய 400 பேர். பிளஸ் டூ முடித்து நேரே வரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு ஒன்று உண்டு. அதை விட்டால் எல்லாரும் முதுநிலை அல்லது ஆராய்ச்சி மாணவர்கள்தான். பாடம் நடத்துபவரேதான் கேள்வி எடுப்பார், அவரேதான் திருத்துவார். அவர் காலையில் வகுப்பில் சொன்ன விஷயம் மாலையில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேகவைக்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

இதன் பலன் எனக்கு முதல் உள்தேர்விலேயே தெரிந்துவிட்டது. புத்தகத்தைத் தலைகீழாக ஒப்பிக்கத் தயாராகப் போனேன். கேள்வித்தாளில் வகுப்பில் சொல்லாத ஒரு மூலக்கூறை வரைந்து, 'இது எப்படி வினைபுரியும், ஏன்?' என்று பேராசிரியர் கேட்டிருந்தார். 20-க்கு 7. ஹாஸ்டலில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் விடைத்தாளைக் கையில் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கேள்வியாகக் கரும்பலகையில் போட்டு விவாதித்தார். ஒரு பையன் "சார், உங்க விடை தப்பு" என்றான். நான் பயந்துபோனேன். அவர் இரண்டு நிமிடம் பலகையையே பார்த்துவிட்டு, "ஆமாம், நீ சொல்வதுதான் சரி" என்று அழித்தார். என் எட்டு வருடத்தில் என்ன கற்றுக்கொண்டேன் என்று கேட்டால் அந்த இரண்டு நிமிடத்தைத்தான் சொல்வேன்.

வேதியியல் என்று சொன்னீர்கள். அந்தத் துறை நல்ல வலுவானது. கௌதம் தேசிராஜு 1979-லிருந்து 30 ஆண்டுகள் அங்கேதான் இருந்தார். 'படிகப் பொறியியல்' என்ற துறையை உலக அளவில் நிறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். எங்கள் ஊர் பாஷையில் சொல்கிறேன். தீப்பெட்டியை பண்டலில் எப்படி அடுக்குகிறோம் என்பதில் இருக்கிறது அது குலுங்காமல் போய்ச் சேருமா என்பது. மூலக்கூறுகளும் படிகத்துக்குள் அப்படித்தான் அடுக்கிக்கொள்கின்றன. ஒரே மருந்து ஒருவிதமாக அடுக்கினால் தண்ணீரில் சீக்கிரம் கரையும், இன்னொரு விதமாக அடுக்கினால் கரைய மறுக்கும். அந்த அடுக்கை நாமே திட்டமிட முடியுமா என்பதுதான் கேள்வி. மாத்திரைக் கம்பெனிகள் நிறைந்த ஹைதராபாதில் இந்தக் கேள்விக்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

தேசிராஜு 2009-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார். அவருக்கு முன்பே கோவர்தன் மேத்தா (இங்கே துணைவேந்தராக இருந்துவிட்டு அங்கே இயக்குநராகப் போனவர்), கோட்பாட்டு வேதியியலாளர் ஜெம்மிஸ் ஆகியோரும் அங்கேதான் போனார்கள். ஹைதராபாதில் நாற்று, பெங்களூரில் அறுவடை என்று கேன்டீனில் புலம்புவோம். ஆனால் நாற்றங்கால் நன்றாக இருந்தால்தானே பறித்துக்கொண்டு போவார்கள்?

ராணுவத்துக்கான ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் பணத்தில் நடக்கும் ஓர் உயர் ஆற்றல் பொருள் ஆய்வு மையமும் வளாகத்துக்குள் உண்டு. வெடிமருந்து வேதியியல்தான். சிவகாசிக்காரி என்று தெரிந்ததும் "நேரா அங்க போயிடு" என்று எல்லாரும் கிண்டல் செய்தார்கள். போகவில்லை.

அறிவியல் தவிர்த்த பக்கமும் சும்மா இல்லை. திராவிட மொழியியலில் பெரிய பெயரான பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1986 முதல் 1993 வரை துணைவேந்தர். தமிழ், தெலுங்கு, கோண்டி, குய் எல்லாவற்றையும் ஒரே குடும்பமாக வைத்து அவர் எழுதிய பெரிய நூலை 2003-ல் கேம்பிரிட்ஜ் வெளியிட்டது. என் அறைத்தோழி மொழிபெயர்ப்பியல் மாணவி, கடப்பாக்காரி. அவள் தெலுங்கில் திட்டுவாள், நான் தமிழில் திட்டுவேன்; பாதி வார்த்தை இருவருக்கும் பொது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டோம். உங்கள் மகளுக்கு மொழி ஒரு பிரச்சினையே இல்லை. வகுப்பு ஆங்கிலம், கடை தெலுங்கு, ஆட்டோ தக்கினி இந்தி. மூன்றே மாதத்தில் "நக்கோ" (வேண்டாம்), "ஹவ்" (ஆமாம்) என்று பேசிக்கொண்டு ஊருக்கு வருவாள்.

இனி அந்தக் காடு. அதைச் சொல்லாமல் இந்த இடத்தைச் சொல்ல முடியாது. 1975 வாக்கில் ஒதுக்கியது சுமார் 2,300 ஏக்கர். சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள கிரானைட் பாறைகள் யாரோ அடுக்கி வைத்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். காளான் பாறை என்றே ஒன்று உண்டு. எருமை ஏரி, மயில் ஏரி. புள்ளிமான், காட்டுப்பன்றி, நட்சத்திர ஆமை, மயிலுக்குக் கணக்கே இல்லை. இந்த வளாகத்தில் கண்டெடுத்து, 'முரிசியா ஹைதராபாதென்சிஸ்' என்று ஊர்ப்பெயரையே வைத்த ஒரு சிலந்தியும் உண்டு.

சிக்கல் என்னவென்றால், நிலத்தை ஒதுக்கினார்களே தவிர பட்டாவைப் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மாற்றவில்லை. ஊருக்கு வெளியே கிடந்த வரை யாரும் கவலைப்படவில்லை. பக்கத்தில் ஐ.டி. கம்பெனிகளின் சைபராபாத் முளைத்ததும் அதே மண் தங்கமாகிவிட்டது. விளையாட்டரங்கத்துக்குக் கொஞ்சம், வேறு நிறுவனங்களுக்குக் கொஞ்சம் என்று ஓரம் ஓரமாகப் போனது. அதில் 400 ஏக்கரை 2004 வாக்கில் மாநில அரசு ஒரு விளையாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது, 2006-ல் ரத்து செய்தது. வழக்கு இழுத்து இழுத்து 2024-ல் மாநில அரசுக்கே சாதகமாக முடிந்தது. 2025 மார்ச் 30, உகாதி அன்று, விடுமுறையில் ஆளில்லாத நேரம் பார்த்து ஜே.சி.பி.க்கள் இறங்கின. மாணவர்கள் மறித்தார்கள், கைதானார்கள். இரவில் விளக்கு வெளிச்சத்தில் மரம் சாய, மயில்கள் அலறுகிற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏப்ரல் 3-ல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து தடை போட்டது. அதற்குள் சுமார் 100 ஏக்கர் மொட்டையாகியிருந்தது. நான் அன்று அலுவலகத்தில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒரு வேலையும் ஓடவில்லை.

'போராட்டம் நடக்கிற இடமாமே' என்றும் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஆமாம், நடக்கும். 2016 ஜனவரி 17-ல் ரோஹித் வெமுலா என்ற தலித் ஆராய்ச்சி மாணவர் விடுதி அறையில் உயிரை விட்டார். அவரையும் சேர்த்து ஐந்து தலித் மாணவர்களை விடுதியிலிருந்து வெளியேற்றியிருந்தார்கள். அவர்கள் கடைவளாகத்தில் 'வெலிவாடா' என்று கூடாரம் போட்டு வெட்டவெளியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெலிவாடா என்றால் ஊருக்கு வெளியே தள்ளிய சேரி. என் தீசிஸ் எழுதிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. நாடே அந்த வளாகத்தைப் பார்த்தது. அதை மறைத்து உங்களுக்கு நல்ல பெயர் மட்டும் சொன்னால் நான் பொய்க்காரி. அதே சமயம், சாதியைப் பற்றி வீட்டுக்குள்கூடப் பேசாமல் வளர்ந்த நான், அதைப் பற்றி வாய்விட்டுப் பேசக் கற்றதும் அங்கேதான். போராட்டம் இருக்கிறது என்பதற்காகப் பெண்ணை அனுப்பாமல் இருக்காதீர்கள். என் அப்பா பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. வகுப்புகள் நடக்கும், தேர்வுகள் நடக்கும்.

பணம். கட்டணம் மத்தியப் பல்கலைக்கழகக் கட்டணம்தான், தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் சில்லறை. பிஎச்.டி.க்குப் போனால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கியவர்களுக்கு 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. ஜே.ஆர்.எஃப். இல்லாதவர்களுக்கு யு.ஜி.சி. கொடுப்பது 8,000. இந்த இடைவெளி மிகக் கொடுமையானது. அதனால் எம்.எஸ்சி. இரண்டாம் வருடமே நெட்டுக்கு உட்காரச் சொல்லுங்கள். அங்கே முக்கால்வாசிப் பேர் அதற்குத்தான் படித்துக்கொண்டிருப்பார்கள். படிக்கிற கூட்டத்தோடு இருந்தால் தானாகப் படிப்பு வரும்.

இங்கேதான் நீங்கள் ஒன்றை மகளிடம் கேட்க வேண்டும். எம்.எஸ்சி. முடித்த கையோடு வேலை வேண்டும் என்றால் இது அதற்கென்று அமைந்த இடமில்லை. பொறியியல் கல்லூரி மாதிரி கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கம்பெனிகள் வரிசை கட்டாது. மருந்துக் கம்பெனிகள் ஊரைச் சுற்றி இருக்கின்றன, எங்கள் வகுப்பில் சிலர் போனார்கள். ஆனால் அதைத் தாங்களே தேடிப் போனார்கள். ஆராய்ச்சி, கல்லூரி ஆசிரியர் வேலை, வெளிநாட்டில் மேற்படிப்பு என்று ஏதாவது மனதில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். மத்திய அரசு 2019-ல் 'சீர்மிகு நிறுவனம்' என்று அந்தஸ்து கொடுத்தது, பட்டியலில் நம் சென்னை ஐ.ஐ.டி.யும் உண்டு. அந்தப் பலகையைவிட, உங்கள் பெண்ணின் பெயர் தெரிந்த பேராசிரியர் நாலு பேர் இருப்பதும், சிபாரிசுக் கடிதம் கேட்டால் அவர்கள் உண்மையாகவே அவளைப் பற்றி எழுத முடிவதும்தான் பெரிது. 5,000 பேர் இருக்கும் இடத்தில்தான் அது நடக்கும்.

சாப்பாடு: ஹாஸ்டல் மெஸ்ஸில் பப்பும் (அவர்கள் ஊர்ப் பருப்பு) சாம்பாரும் ஒன்றுதான் என்று கொஞ்ச நாளுக்கு மனம் நம்ப மறுக்கும். கோங்குரா (புளிச்சகீரை) பச்சடி பழகிவிட்டால் நம் ஊர்ப் புளிக்குழம்பு மறந்துவிடும். ஊறுகாய் பாட்டிலை எப்படியும் கட்டிக் கொடுப்பீர்கள், அது முதல் வாரத்திலேயே அறைத்தோழிகளிடம் காலியாகும். இரண்டாகக் கொடுங்கள்.

பயணம் சுலபம். சென்னையிலிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறினால் காலையில் ஹைதராபாத். அங்கிருந்து எம்.எம்.டி.எஸ். என்ற புறநகர் ரயிலில் லிங்கம்பள்ளி, பிறகு ஷேர் ஆட்டோ. முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். மெயின் கேட்டிலிருந்து விடுதி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும் என்று நினைத்துப் பெட்டியோடு நடக்க ஆரம்பிக்காதீர்கள். நானும் அப்பாவும் நடந்தோம், பாதி வழியில் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

போய்ச் சேர்ந்த வாரத்திலேயே ஒரு பழைய சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். சீனியர்களிடம் மலிவாகக் கிடைக்கும். கூடவே ஒரு நல்ல டார்ச் லைட். ராத்திரி லேப் முடித்து வரும்போது ரோட்டில் பாம்பு படுத்திருக்கும்.