ஃபர்ம்வேர் ஓஎஸ்கிட்ட என்ன சொல்லணும், எவ்வளவு சொல்லணும்? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: ப்ரோ, ஓஎஸ்ஸே எல்லா ஹார்டுவேரையும் தேடிக்கலாமே, நடுவுல ஃபர்ம்வேர் (போர்டுலயே இருந்து மொதல்ல ஓடற சாஃப்ட்வேர்) எதுக்கு?

பதில்: பிசிஐ, யூஎஸ்பி-ல இருக்கறத தேடிக்கலாம், வெண்டர் ஐடி டிவைஸ் ஐடி படிச்சாலே யாருன்னு தெரிஞ்சிடும். ஆனா ஐ2சி பஸ்ல (சின்ன சிப்புங்கள இணைக்கற ரெண்டு வயர் லைன்) ஒரு சென்சார் இருக்குன்னு வைங்க, அந்த அட்ரஸ்ல கூப்ட்டா ஏதோ ஒண்ணு இருக்குன்னு மட்டும்தான் தெரியும், என்ன சிப்பு, அதோட இன்டரப்ட் (சிபியூ-வ கூப்பிடற சிக்னல்) எந்த பின்ல போகுதுன்னு தெரியாது. சும்மா எழுதிப் பாக்கலாம்னு போனா சில சிப்புல செட்டிங்கே மாறிடும். அத யாராவது சொல்லித்தான் ஆகணும்.

கேள்வி: அப்ப ஃபர்ம்வேர் இத ஓஎஸ்கிட்ட சொல்ற ரெண்டு வழியில ஏசிபிஐ நல்லதா, டிவைஸ் ட்ரீ நல்லதா சார்?

பதில்: என் கட்சி டிவைஸ் ட்ரீ. அது வெறும் டேட்டா, இந்த அட்ரஸ்ல இந்த சிப்பு, இந்த கிளாக், இந்த இன்டரப்ட், அவ்ளோதான், ஓட்டறது டிரைவர் பாடு. 1996-ல இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேந்து கொண்டு வந்த ஏசிபிஐ டேபிள்ல ஏஎம்எல்-னு பைட்கோடும் இருக்கு, அத வரிவரியா படிச்சு ஓட்ட கெர்னலுக்குள்ளயே (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) ஒரு இன்டர்ப்ரெட்டர் வேணும், போர்டு கம்பெனிக்காரன் எழுதின கோட நம்ம கெர்னல் ஓட்டுது, அதுல பக் இருந்தா மாட்டறது நாமதான். ஆனா ஒண்ணு ஒத்துக்கணும், அந்த பைட்கோடு இருக்கறதாலதான் நேத்து வந்த மதர்போர்டுல பழைய கெர்னலும் பூட் ஆகுது, கிளாக், வோல்டேஜ் ரெகுலேட்டர் சமாச்சாரத்தையெல்லாம் ஃபர்ம்வேரே மறைச்சு வச்சுக்குது. சர்வருக்கு அது பெரிய சௌகரியம்.

கேள்வி: லினக்ஸ் தன்னை விண்டோஸ்னு சொல்லிக்குதாமே, நிஜமாவா?

பதில்: நிஜம்தான். ஏசிபிஐ-ல ஓஎஸ்ஐ-னு ஒரு மெத்தட் இருக்கு, "விண்டோஸ் 2015" தெரியுமான்னு ஃபர்ம்வேர் கேக்கும், அது விண்டோஸ் 10-க்கான பேரு, லினக்ஸ் கூச்சப்படாம ஆமான்னுடும். "லினக்ஸா"ன்னு கேட்டா மட்டும் இல்லைம்பான் 😄 ஏன்னா கம்பெனிக்காரங்க டெஸ்ட் பண்றது விண்டோஸ் வழியத்தான், வேற பேர சொன்னா யாருமே ஓட்டிப் பாக்காத கோடுக்குள்ள போய் விழுவோம். ஃபர்ம்வேர் ஓஎஸ் பேர கேக்கறதே தப்புன்னுதான் நான் சொல்லுவேன்.

கேள்வி: யூஇஎஃப்ஐ-ல (இப்ப பிசி-ல வர்ற ஃபர்ம்வேர்) மெமரி மேப் (எந்த மெமரி எதுக்குன்னு சொல்ற பட்டியல்) வாங்கினேன், எக்ஸிட் பூட் சர்வீசஸ் (ஃபர்ம்வேர்கிட்டருந்து ஓஎஸ் கன்ட்ரோல் எடுத்துக்கற கால்) ஃபெயில் ஆகுது.

பதில்: மேப் வாங்கினப்புறம் பிரின்ட் ஏதாவது போட்டீங்களா? இடையில எந்த சர்வீஸ கூப்ட்டாலும் மேப் மாற வாய்ப்பிருக்கு, மாறினா மேப்போட சேந்து வந்த கீ நம்பர் செல்லாது. திரும்ப மேப் வாங்கி உடனே கூப்டுங்க.

கேள்வி: அண்ணா, ஆர்ம்64-ல (64-பிட் ஆர்ம் சிபியூ) டிடிபி-ய (கம்பைல் பண்ணின டிவைஸ் ட்ரீ ஃபைல்) கெர்னல் கையில எப்படி குடுக்கறது? கெர்னலோடயே சேத்து அனுப்பிடலாமா?

பதில்: சிபியூ-வோட எக்ஸ்0 ரெஜிஸ்டர்ல அதோட ஃபிசிக்கல் அட்ரஸ், 8 பைட் அலைன்மென்ட் (அட்ரஸ் 8-ஆல வகுபடணும்), சைஸ் 2 எம்பி-க்குள்ள. சேத்து அனுப்பறது நிறைய பேர் பண்றதுதான், ஆனா போர்டு பத்தின விவரம் போர்டுலயே இருக்கணும், இல்லன்னா ஒவ்வொரு போர்டுக்கும் தனி இமேஜ் கட்டிட்டு உக்காந்திருக்கணும். ஃபர்ம்வேர்ல வைங்க, பைண்டிங்க (டிவைஸ் ட்ரீ-ல எத எப்படி எழுதணும்ங்கற ஒப்பந்தம்) மட்டும் அப்பப்ப மாத்தாதீங்க.